காலில் குத்திய நட்சத்திரம்

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நானும் சம்மனசு மாமாவும் வீட்டை விட்டுக் கிளம்பினோம். கல் என் தோள்பையில் இருந்தது. பழைய துண்டில் சுற்றி ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்திருந்தேன். உங்கள் அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் அதே மாதிரி இன்னொரு டப்பாவில் இருந்தது. மாமா வழி நெடுக, கல் இருக்கிறதா என்று பார்க்கப் பையைத் திறந்து திறந்து சாதத்தைத்தான் பார்த்தார்.

அமலி, சகாயம், நம் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். முந்திரிக் காட்டு வேலை தெரியும், எழுத்து வேலை அவ்வளவாக வராது. ஆனால் நாங்கள் போய்வந்த கதையை ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். போகாதவர்கள் இவ்வளவு சொல்லும்போது போனவன் சொல்லாமல் இருக்கக் கூடாது.

போன காரணம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அமலி காட்டில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனாள். நொண்டிக்கொண்டே திரும்பி வந்தாள். "அப்பா, இது கால்ல குத்திடுச்சு" என்று ஒரு கல்லை என் கையில் கொடுத்தாள். வெள்ளைக் கல். பன் ரொட்டி மாதிரி உப்பலாக, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. மேலே ஐந்து இதழ் வைத்த நட்சத்திரம், ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி வரைந்தது போல அத்தனை அழகு. ஒரு ஓரம் மட்டும் உடைந்து கூராக இருந்தது. காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன். கல்லை ஜன்னலில் வைத்தேன். நடந்தது இவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஜெபமாலை சொல்ல வந்தவர்கள் ஜன்னலில் கல்லைப் பார்த்தார்கள். மாதாவை நட்சத்திரமே என்று அழைத்து மன்றாடிவிட்டு நிமிர்ந்தால் எதிரே நட்சத்திரம்! யாரோ தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நம் ஊர் மண் செம்மண். குழி தோண்டினாலும் வெள்ளைக் கல் வராது. அப்படியிருக்க இது எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் பதிலை எல்லாரும் சேர்ந்து செய்ய ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை, கல்லிலிருந்து வெளிச்சம் வந்தது என்றார்கள். செவ்வாய்க்கிழமை, அமலி அங்கே முழந்தாளிட்டிருந்தாள் என்றார்கள். புதன்கிழமை என் காட்டில் மாதாவுக்குக் குகை மாதிரி கெபி கட்ட இடம் அளக்க வந்துவிட்டார்கள்.

வெளிச்சத்தைப் பார்த்தது யார் என்று விசாரித்தேன். மளிகைக் கடைக்காரர், பால்காரர் பார்த்தார் என்றார். பால்காரர், தையல்காரம்மா சொன்னார்கள் என்றார். தையல்காரம்மா, மளிகைக் கடையில்தான் கேள்விப்பட்டேன் என்றார்கள். கிளம்பின இடத்துக்கே வந்து நின்றது.

பங்குச்சாமியார் ஆண்டுத் தியானத்துக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள், சனிக்கிழமை மாலை காட்டில் ஜெபம் வைப்பது, அமலியை நாற்காலி மேல் நிற்க வைத்து, வெளிச்சம் பார்த்ததை மைக்கில் சொல்ல வைப்பது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர்களில் முதல் ஆள் சம்மனசு மாமா. அவர் உங்கள் அம்மாவுக்குச் சித்தப்பா. முப்பது வருடம் கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த உபதேசியார். அவர் சொன்னால் ஊர் கேட்கும்.

"அவ அப்படிச் சொல்லலியே மாமா" என்றேன்.

"சின்னப் புள்ள. பயத்துல மறந்திருக்கும். நாம எடுத்துக் குடுத்தா சொல்லிடும்."

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுப்போம், பாடம் சொல்லிக் கொடுப்போம். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லிக் கொடுப்பதா? நாளைக்கு அவள் இல்லை என்றால் மாதாவைப் பொய்யாக்கினவள் என்பார்கள். ஆமாம் என்றால் ஆயுசுக்கும் அந்தப் பொய்யைச் சுமப்பாள். அமலி, உன் அறிவியல் டீச்சர், வாரணவாசியில் பழங்காலக் கல்லெல்லாம் வைத்திருக்கும் காட்சியகம் இருக்கிறது, இந்த மாதிரிக் கல் அங்கே பார்த்த ஞாபகம் என்று சொல்லியிருந்தார். போய் விசாரித்து வந்த பிறகுதான் மைக், அதற்கு முன்னால் என் மகள் வாயைத் திறக்க மாட்டாள் என்று நடுத்தெருவில் நின்று சொல்லிவிட்டேன். "ஊரோட ஒத்துப் போங்களேன்" என்று உங்கள் அம்மா கெஞ்சினாள். முடியாது என்றேன்.

மாமாவும் கூட வருவதாகச் சொன்னார். "நீ வழியில எங்கயாச்சும் வாய்க்கால்ல போட்டுட்டு வந்து, தொலைஞ்சிடுச்சும்பே" என்றார்.

நம் ஊரில் பஸ் நிற்காது. அதனால் வரதராஜன்பேட்டைக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். பாதி வழியில் எங்களைத் தாண்டி ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. மாமா நின்று அதன் முதுகைப் பார்த்தார்.

"பாத்தியா மாப்ள? கை காட்டுனாலும் நிக்க மாட்டான். நம்ம ஊருன்னு ஒண்ணு இருக்கறதே அவனுக்குத் தெரியாது. இங்க மாதா வந்தா நிப்பான். ஸ்பெஷல் பஸ்ஸே விடுவான்."

"பஸ்ஸுக்காகவா மாமா இவ்வளவும்?"

"பஸ்ஸுக்காக இல்லடா. ஆனா பஸ்ஸும் நிக்குமில்ல?"

அவர் மனைவி போன வருடம் நெஞ்சு வலியில் இந்த ரோட்டோரம்தான் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். பிழைத்துவிட்டார், மாதா புண்ணியம். அதனால் நான் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெயங்கொண்டத்தில் எட்டரை மணிக்கு அரியலூர் பஸ் கிடைத்தது. முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். உடையார்பாளையம் வரைக்கும் பச்சை. கைகாட்டி என்கிற ஊரை நெருங்கும்போது காட்சி மாறியது. சாலை மரங்களின் இலையெல்லாம் மாவு தூவினது போல வெளுத்துக் கிடந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. ஜன்னலை மூடச் சொல்லி ஒரு அம்மா கத்தினார், திறக்கச் சொல்லி இன்னொரு அம்மா கத்தினார்.

எங்கள் பக்கத்தில் அரியலூருக்கு அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் விபூதி, மடியில் மருந்தடிக்கும் பம்புக்கு உதிரி பாகம். மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. இந்தத் தடவை சரியான டப்பாவையே திறந்து கல்லைக் காட்டிவிட்டார்.

"எங்க ஊர்ல மாதா குடுத்ததுங்க."

அந்த மனிதர் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுங்களா? எங்க காட்டுல ஏர் ஓட்டினா வருங்க. பொறுக்கி வரப்புல போடுவோம். எங்க பம்பு செட்டுக் கதவு காத்துக்கு அடிச்சிக்குமுங்க. அதுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கறதே இந்த மாதிரி ஒண்ணுதான். இதவிடப் பெருசு."

மாமா கல்லைப் பறிக்காத குறையாக வாங்கித் துண்டால் துடைத்தார். "உங்க ஊர்ல கெடக்கலாம். எங்க ஊரு செம்மண்ணு" என்றார்.

"கோவிச்சுக்காதீங்க பெரியவரே. எங்க ஊட்லயும் சுருள் சுருளா ஒரு கல்லு கெடைச்சுது. சங்குன்னு சாமி மாடத்துல வச்சு, அதுக்கும் பொட்டு வச்சுக்கிட்டுதான் இருக்காங்க."

"அது நெசமா சங்கா?" என்று கேட்டேன்.

"யாருங்க கேட்டா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த 'யாருங்க கேட்டா' அரியலூர் பஸ் நிலையம் வரை என் காதில் கிடந்தது.

அரியலூரில் இறங்கி டீ குடித்துவிட்டுத் தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஏறி வாரணவாசியில் இறங்கினோம். பத்தரை மணி. காட்சியகம் ரோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரம்பலூர் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். மரம் கல்லாகிக் கிடக்கும் சாத்தனூருக்குப் போய்விட்டு இங்கே வந்ததாக ஒரு பெண் சொன்னாள். பிள்ளைகளே, உங்களையும் ஒரு நாள் கூட்டிப் போகிறேன். வண்டிச் சக்கரம் போலச் சுருண்ட கல் இருக்கிறது. சிப்பி அப்படியே கல்லாகி இருக்கிறது. நான் எதையும் நின்று பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிகளில் நம் நட்சத்திரத்தை மட்டும் தேடினேன்.

ஒரு பெட்டியில் அது இருந்தது. ஒன்று இல்லை. வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பெரியது, சின்னது, தட்டை, உப்பல். எல்லாவற்றின் மேலும் அதே ஐந்து இதழ், அதே ஊசிப் புள்ளி. நம் கல்லைப் பக்கத்தில் பிடித்தேன். உடைந்த ஓரத்தைத் தவிர வித்தியாசம் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் நெஞ்சில் ஏதோ வடிந்த மாதிரி இருந்தது. விசாரிக்கத்தான் வந்தேன், ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் ஒருவேளை என்ற ஆசை எனக்கும் இருந்திருக்கிறது.

பணியில் இருந்த அம்மா அருகே வந்தார். "இது கடல் முள்ளெலிங்க. உடம்பு பூரா முள்ளு இருக்கும், கடலுக்கு அடியில இருக்கற உயிரு. முள்ளு உதிர்ந்து ஓடு கல்லா மாறியிருக்கு."

"கடலா? இங்க ஏதும்மா கடலு?" என்றார் மாமா.

"ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி இதெல்லாம் கடல்தாங்க ஐயா. நீங்க பஸ்ல வந்தீங்களே, அந்த ரோடெல்லாம்."

மாமா பெட்டியையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என் காதோரம் குனிந்து, "அப்ப மாதா நெறைய எடத்துல குடுத்திருக்காங்க. அவ்வளவுதானே?" என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்காக நின்றோம். வெயில் ஏறிவிட்டது. சாலை வேலைக்காக ஓரத்தில் வெள்ளைக் கல்லும் மண்ணுமாகக் குவித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு வேப்பமரம். குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து எலுமிச்சை சாத டப்பாவைத் திறந்தோம். மாமா கை கழுவிய தண்ணீரை அந்தக் கல் மேலேயே ஊற்றினார்.

"இந்தக் கல்லு மண்ணு தண்ணி பட்டா அப்படியே கரைஞ்சு ஓடும் மாப்ள. நம்ம காட்டு ரோட்டுக்கு டிப்பர்ல கொண்டாந்து கொட்டுனானுவளே, இதே எழவுதான். ஒரே மழையில…"

அதோடு நின்றார். கையில் உருட்டிய சோறு கையிலேயே இருந்தது. அவராகவே குனிந்து குவியலில் ஒரு கட்டியைப் புரட்டினார். அதில் சிப்பி ஒன்று பாதி தெரிந்தது. இன்னொன்றைப் புரட்டினார். நட்சத்திரம் கிடைக்கவில்லை, ஆனால் தேட வேண்டிய அவசியமும் இல்லை. நம் முந்திரிக் காட்டுக்குப் போகும் ரோட்டின் பள்ளத்தைப் போன வருடம் எதைப் போட்டு மூடினார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மழையில் அது கரைந்து, கல்லும் மண்ணுமாகக் காட்டுக்குள் ஓடினதும் தெரியும்.

"வெளிய சொல்லாத" என்றார்.

"சொல்லத்தானே மாமா வந்தோம்."

"யாருக்குடா நட்டம்? நாலு பேரு கும்புடுவாங்க. நாலு பேருக்கு நல்லது நடக்கும். மாதா பேரச் சொல்லித்தானே செய்யறோம்? குடிக்கவா செய்யறோம், கூத்தடிக்கவா செய்யறோம்?"

"அமலிக்கு நட்டம் மாமா. அவள நாற்காலியில ஏத்தி பொய் சொல்ல வைக்கறீங்க."

"உனக்கு விசுவாசமே இல்லடா."

எனக்குக் குரல் ஏறிவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று சொன்னேன். "இருக்கறதாலதான் மாமா பேசறேன். மாதாவுக்கு எங்கிட்டேருந்து ஏதாச்சும் வேணும்னா என் காட்டைக் கேக்கட்டும், குடுக்கறேன். எம்மவ வாயில பொய்யக் கேக்க மாட்டாங்க. கேக்கறது நீங்க."

கீழப்பழுவூர் பஸ் வந்ததும் மாமா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். "ஏலாக்குறிச்சி கோயிலுக்குப் போலாம். மாதா காலடியில வச்சுட்டுக் கேப்போம்" என்று மட்டும் சொன்னார்.

கீழப்பழுவூரில் பஸ் மாறி ஏலாக்குறிச்சி போய்ச் சேரும்போது இரண்டு மணி ஆகிவிட்டது. திருமானூர் தாண்டினால் வயலும் வாய்க்காலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. வெள்ளைத் தூசியெல்லாம் பின்னால் போய்விட்டது. கோயிலில் கூட்டம் அதிகம் இல்லை. குளத்தில் உயரமாக நிற்கும் மாதா சுரூபத்தைப் பார்த்ததும் நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். உள்ளே போய் முழந்தாளிட்டு வெகுநேரம் ஜெபித்தேன். என் கல்யாணத்துக்கு, அமலி பிறந்ததற்கு, மாமா மனைவி பிழைத்ததற்கு, எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னேன். கல்லைப் பற்றி மாதாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை வாரணவாசியில் கேட்டாயிற்று.

மாமா கல்லை எடுத்துத் துண்டின் மேல் வைத்து முன்னால் வைத்திருந்தார். அப்போதுதான் அந்த அம்மா வந்தார். மீன்சுருட்டியிலிருந்து வந்தவர், பொட்டு வைத்தவர், கையில் மெழுகுவர்த்திக் கட்டு. மகளுக்குக் கல்யாணமாகி வெகுநாளாகப் பிள்ளை இல்லை என்று வேண்ட வந்திருந்தார். நட்சத்திரத்தைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"ஐயா, இது மாதா கல்லுங்களா? தொட்டுக்கவா? எம்மவளுக்காக…" என்று கேட்டுக்கொண்டே தொட்டுக் கண்ணில் ஒற்றினார். அழுதார்.

பிள்ளைகளே, மாமாவிடம் ரோட்டில் கத்தினது எனக்குப் பெரிய காரியமாக இல்லை. இதுதான் கஷ்டமாக இருந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அந்த அம்மா சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். இருந்தும், இவருக்கு ஒரு நியாயம், என் மகளுக்கு ஒரு நியாயமா என்று தோன்றியது.

"அம்மா, இது மாதா கல்லு இல்லீங்க. கடல்ல இருந்த உயிரோட ஓடு. எங்க ஊருக்கு ரோடு போட்ட மண்ணுல வந்துது. மாதாகிட்ட வேண்டிக்குங்க, கேப்பாங்க. இது வெறும் கல்லு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நன்றியாகப் பார்த்தார் என்று நினைக்காதீர்கள். "ஏங்க, நான் கேட்டனா ஒங்கள?" என்றார். "சொல்லாம இருந்தா கொறஞ்சா போயிடுவீங்க?"

மாமா திரும்பி என்னைப் பார்த்தார், சுரூபத்தைப் பார்த்தார். அவருக்கு அது நல்ல சந்தர்ப்பம். 'அவன் கெடக்கறான், நீ கும்புடும்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அவன் சொல்றது நெசந்தாம்மா. நானும் பாத்துட்டுதான் வந்தேன்."

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி மெழுகுவர்த்தி ஏற்றப் போனார். மாமா கல்லைத் துண்டில் சுற்றி என் பையில் போட்டார். சாதம் இருந்த டப்பாவில் போட்டார்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த பஸ்ஸில் நம் ஊருக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன். "அங்க ஸ்டாப்பிங் இல்ல. வரதராஜன்பேட்டையில எறங்கி நடங்க" என்றார் கண்டக்டர். "ஏன்யா, எங்க ஊர்ல மனுசன் இல்லையா, மாடா இருக்கு?" என்று மாமா எழுந்து நின்றுவிட்டார். பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. நம் ஊர் வந்தது, வேகம் குறையாமல் போனது. மறுபடியும் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். ஊருக்குள் நுழையும்போது மாமா, "நாளன்னிக்கி மைக்க அமலிகிட்ட குடுக்கலாம். யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. நானும் கூடாது" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது நீங்கள் பார்த்தது. சிலர் பின்னால் நின்றிருந்தீர்கள், கேட்டிருக்காது. மாமா முதலில் எழுந்து, நாங்கள் போன இடத்தையும் பார்த்த பெட்டியையும் சொன்னார். டிப்பரையும் சொன்னார். கூட்டத்தில் சலசலப்பு. "காசு வாங்கிட்டாங்க" என்று ஒரு குரல். "மதம் மாறிட்டான் சூசை" என்று என்னைப் பற்றி இன்னொரு குரல். கழுத்தில் கிடந்த ஜெபமாலையை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றேன். மாமா மைக்கை அமலியிடம் நீட்டினார். நாற்காலி கொண்டு வந்தார்கள். வேண்டாம், தரையிலேயே நிற்கட்டும் என்றேன்.

"நீ என்ன பாத்தேன்னு சொல்லும்மா. பாத்தது மட்டும்" என்றார் மாமா.

அமலி, நீ மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய். குரல் நடுங்கவில்லை.

"கொட்டை பொறுக்கறப்ப கால்ல குத்துச்சு. ரத்தம் வந்துச்சு. எடுத்துப் பாத்தேன், அழகா இருந்துச்சு. அப்பாகிட்ட குடுத்தேன்."

"வெளிச்சம்?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

"வெயிலடிச்சுது" என்றாய்.

கெபிக்கு அளந்து நட்ட குச்சிகளை மறுநாள் நானே பிடுங்கினேன். மூன்று வீட்டார் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. உங்கள் அம்மாவுக்கு அது வருத்தம்தான். எனக்கும் இல்லாமல் இல்லை. ஜெபமாலை மட்டும் நிற்கவில்லை. அதே வீட்டில் அதே நேரத்துக்குச் சொல்கிறோம், கல் அதே ஜன்னலில்தான் இருக்கிறது. யாரும் தொட்டு ஒற்றுவதில்லை. சகாயம் அதன் கீழே பரீட்சைத் தாளைக் காற்றுக்குப் பறக்காமல் வைக்கிறான்.

வாரணவாசியும் ஏலாக்குறிச்சியும் ஒரே வழியில் இருக்கிற ஊர்கள் என்பது இந்தப் பயணத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாது. ஒன்றுக்குப் போனவன் இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்று யார் சொன்னாலும் நீங்கள் கேட்காதீர்கள். நான் இரண்டுக்கும் ஒரே நாளில் போனேன். இரண்டிலும் தலை நிமிர்ந்துதான் வெளியே வந்தேன்.

போன திங்கட்கிழமை காலை எட்டு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. சம்மனசு மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றார். பக்கத்தில் நானும் நின்றேன். பின்னால் திரும்பிப் பார்த்தால், எங்களோடு பேசாத மூன்று வீட்டு ஆட்களும் நின்றார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். மாமா நகரவில்லை.

பஸ் நின்றது.